9 குதிரைச்சக்தியில் ஓடிய குடும்பக் கார்: ஆண்ட்ரே சிட்ரோயன் யார்? மலாக்கா பால்மரத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

உங்கள் தாமானில் ராத்திரியில் சத்தம் போட்டுக்கொண்டு போகுமே யமஹா ஒய்15, அதன் எஞ்சின் 150 சிசி. சுமார் 15 குதிரைச்சக்தி. இப்போது ஒரு காரை நினைத்துப் பாருங்கள். நாலு கதவு. நாலு பேர் தாராளமாக உட்காரலாம். பின்னால் ஒரு மூட்டையும் ஏற்றலாம். ஆனால் சக்தி? வெறும் 9 குதிரைச்சக்தி. அந்த மோட்டாரைவிடக் குறைவு!

அதுதான் பிரான்ஸ் நாட்டின் சிட்ரோயன் 2சிவி. 1948இல் பாரிஸ் கண்காட்சியில் அதைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். தகர டப்பா என்று கிண்டல் பண்ணினார்கள். ஆனால் அந்தக் கார் 1990 வரைக்கும், மொத்தம் 42 வருஷம், தயாரிப்பில் இருந்தது. விற்றது 38 லட்சத்துக்கும் மேல்.

இந்தக் காருக்குப் பெயர் கொடுத்தவர் ஆண்ட்ரே சிட்ரோயன். ஆனால் அவர் இந்தக் காரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அது வருவதற்கு 13 வருஷம் முன்னாடியே, கம்பெனியைப் பறிகொடுத்துவிட்டு இறந்துபோனார். அவரிடமிருந்து கம்பெனியை எடுத்துக்கொண்டது ஒரு டயர் கம்பெனி.

டயர் என்றால் ரப்பர். ரப்பர் என்றால் அந்தக் காலத்தில் மலாயா. மலாயாவில் ரப்பர் வியாபாரப் பயிராக முதலில் வேர் பிடித்த இடம் மலாக்கா. அதைப் பால் வெட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் நம்ம தாத்தா பாட்டிகள். அதனால்தான் இந்தக் கதை நமக்கும் கொஞ்சம் சொந்தம்.

எலுமிச்சை விற்றவரின் வாரிசு

ஆண்ட்ரே சிட்ரோயன் 1878 பிப்ரவரி 5ஆம் தேதி பாரிஸில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. யூதக் குடும்பம். அப்பா ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாரிஸுக்குக் குடியேறிய வைர வியாபாரி. அம்மா போலந்தின் வார்சா நகரைச் சேர்ந்தவர்.

குடும்பப் பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. ஆண்ட்ரேயின் கொள்ளுத்தாத்தா ஆம்ஸ்டர்டாமில் பழம் விற்றவர். அதனால் எலுமிச்சைக்காரர் என்ற அர்த்தத்தில் ஒரு பெயரை வைத்துக்கொண்டார். அடுத்த தலைமுறை அதைக் கொஞ்சம் நாகரிகமாக மாற்றி சிட்ரோயன் என்று ஆக்கியது. டச்சு மொழியில் அதுக்கும் எலுமிச்சை என்றுதான் அர்த்தம்.

ஆண்ட்ரேக்கு 6 வயதாக இருக்கும்போது, வியாபாரத்தில் அடிபட்ட அப்பா தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் அம்மா தலையில் விழுந்தது. கடன் ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதை அந்தப் பையன் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அவருக்கு 11 வயதானபோது, 1889இல், ஐஃபில் கோபுரம் திறக்கப்பட்டது. இரும்பு ஒவ்வொரு நிலையாக வானத்தை நோக்கி ஏறுவதைப் பார்த்து வளர்ந்த பையன், பொறியியலாளராக வேண்டும் என்று முடிவு பண்ணினார். ஜூல் வெர்ன் எழுதிய அறிவியல் சாகச நாவல்களும் அந்த ஆசைக்கு எண்ணெய் ஊற்றின. பிரான்ஸின் புகழ்பெற்ற பொறியியல் கல்லூரியான எக்கோல் பொலிடெக்னிக்கில் படித்தார்.

இரண்டு 'வி' வடிவங்கள்

1900இல், அம்மா இறந்த மறு வருஷம், ஆண்ட்ரே போலந்தில் இருந்த சொந்தக்காரர்களைப் பார்க்கப் போனார். அங்கே ஒரு பல்சக்கரம் அவர் கண்ணில் பட்டது. சாதாரணப் பல்சக்கரத்தில் பற்கள் நேராக இருக்கும். இதில் பற்கள் 'வி' எழுத்து மாதிரி, மீன்முள் மாதிரி இரண்டு பக்கமும் சாய்ந்து இருந்தன. இந்த மாதிரிச் சக்கரம் சத்தம் குறைவாகச் சுற்றும், அதிகப் பாரத்தையும் தாங்கும். உடனே அதற்கான உரிமையை வாங்கி, பாரிஸில் எஃகில் செய்து விற்க ஆரம்பித்தார். இன்றைக்கும் சிட்ரோயன் கார்களின் முகப்பில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு 'வி' கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு சின்னம் இருக்கிறதே, அது அந்தப் பல்சக்கரத்தின் அடையாளம்தான்.

அதே காலக்கட்டத்தில் இன்னொரு 'வி' வடிவம் நம்ம பக்கம் பரவிக்கொண்டிருந்தது.

1876இல் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. அடுத்த வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் தலைவராக 1888இல் வந்த ஹென்றி ரிட்லி, இந்த மரத்தை நடுங்கள் என்று கண்ட முதலாளிகளிடம் எல்லாம் சொல்லிப் பார்த்தார். ஆர்வம் காட்டியவர்கள் ரொம்பக் குறைவு. காப்பிதான் லாபம், மரவள்ளிதான் லாபம் என்று ஒதுங்கினார்கள்.

துணிந்து இறங்கியவர் மலாக்காவைச் சேர்ந்த பெரனாக்கான் சீனரான டான் சாய் யான். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காகப் போடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் என்று வரலாறு அதைத்தான் காட்டுகிறது. அடுத்து புக்கிட் அசாஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு விரிவாக்கினார்.

மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வழியையும் ரிட்லிதான் பரப்பினார். பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். நடுவில் ஒரு நேர்க்கோடு, இரண்டு பக்கமும் சாய்ந்த கோடுகள். பார்க்க மீன்முள் மாதிரியே இருக்கும். பால் சாய்வாக இறங்கி, நடுக்கோட்டில் சேர்ந்து, கீழே மங்கில் விழும். பாரிஸில் இரும்பில் ஒரு மீன்முள், மலாக்காவில் மரப்பட்டையில் ஒரு மீன்முள். வடிவம் ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் இரண்டும் போய்ச் சேர்ந்தது ஒரே இடத்துக்கு: மோட்டார் காருக்கு.

குண்டு செய்த ஆலை கார் செய்த கதை

1908இல் மோர்ஸ் என்ற கார் கம்பெனியைத் தூக்கி நிறுத்தும் வேலை ஆண்ட்ரேக்கு வந்தது. உற்பத்தியைப் பல மடங்கு கூட்டிக் காட்டினார். 1912இல் அமெரிக்கா போய் ஹென்றி ஃபோர்டின் ஆலையைப் பார்த்தார். ஒரே மாதிரிக் காரை ஆயிரக்கணக்கில் செய்தால் விலை குறையும், விலை குறைந்தால் சாதாரண ஆளும் வாங்குவான் என்ற கணக்கு அவர் மனதில் பதிந்தது.

1914இல் முதல் உலகப் போர் வந்தது. பீரங்கிப் படையில் சேர்ந்தார். அண்ணன் பெர்னார் போரில் இறந்தார். பிரெஞ்சுப் படைக்குக் குண்டு போதவில்லை என்பதை நேரில் பார்த்த ஆண்ட்ரே, நான் செய்து தருகிறேன் என்று அரசாங்கத்திடம் முன்வந்தார். 1915இல் பாரிஸில் சீன் நதிக்கரையில், ஜாவெல் என்ற இடத்தில் ஒரு பெரிய ஆலை எழுந்தது. போர் முடிவதற்குள் அங்கிருந்து 2 கோடிக்கும் மேற்பட்ட பீரங்கிக் குண்டுகள் வெளியே போயின.

வேலை செய்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் பெண்கள். அவர்களுக்குச் சாப்பாட்டுக்கூடம், மருத்துவ அறை, குழந்தைகள் காப்பகம் எல்லாம் வைத்தார். இரக்கம் பாதி, கணக்குப் பாதி என்று சொல்லலாம். பிள்ளையைப் பற்றிக் கவலை இல்லாத தாய், வேலையைச் சரியாகச் செய்வார் இல்லையா? நம்ம தோட்டங்களில் இருந்த ஆயாக்கொட்டகையும் இதே கணக்கில் வந்ததுதான்.

போர் முடிந்தது. இனி யாருக்குக் குண்டு வேண்டும்? அதே ஆலையில் கார் செய்ய ஆரம்பித்தார். 1919இல் வந்த டைப் ஏ, ஐரோப்பாவில் பெரிய அளவில் தொடர் உற்பத்தியில் செய்யப்பட்ட முதல் காராகக் கருதப்படுகிறது. அதுவரைக்கும் விளக்கு, உபரிச் சக்கரம் எல்லாம் தனித்தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும். இதில் எல்லாமே சேர்த்தே வந்தது.

1922இல் வந்ததுதான் 5சிவி. எஞ்சின் 856 சிசி, சக்தி 11 குதிரைச்சக்தி. மணிக்கு 60 கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். முதலில் மஞ்சள் நிறத்தில் வந்ததால், கம்பெனிப் பெயரையும் சேர்த்து, குட்டி எலுமிச்சை என்று மக்கள் செல்லமாகக் கூப்பிட்டார்கள். மின்சார ஸ்டார்ட்டர் இருந்ததால் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்ற வேண்டிய அவஸ்தை இல்லை. பெண்களும் தனியாக ஓட்டலாம் என்று விளம்பரம் பண்ணினார்கள். 1926 வரை சுமார் 80,000 கார்கள் விற்றன.

சின்ன விளக்கம்: 'சிவி' என்பது என்ன?

சிவி என்றால் பிரெஞ்சில் குதிரைகள் என்பதன் சுருக்கம். ஆனால் அது எஞ்சினின் உண்மையான சக்தி இல்லை. வரி போடுவதற்காக அரசாங்கம் வைத்திருந்த கணக்கு. நம்ம ஊரில் சிசியைப் பார்த்து ரோட் டேக்ஸ் போடுகிறார்களே, அது மாதிரி. 5சிவி என்றால் ஐந்து வரிக்குதிரை. 2சிவி என்றால் இரண்டே இரண்டு. எண் குறைந்தால் வரியும் குறையும். அதனால் பிரான்ஸில் சக்தி குறைந்த கார் என்பது ஏழைக்குக் கட்டுப்படியாகும் கார் என்றுதான் அர்த்தம்.

கோபுரத்தில் எரிந்த பெயர்

ஆண்ட்ரே கார் செய்வதில் மட்டுமில்லை, பேர் பரப்புவதிலும் கெட்டிக்காரர். 1922 கடைசியில், பின்சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டை பூட்டிய வண்டிகளைச் சஹாரா பாலைவனத்தைத் தாண்ட அனுப்பினார். அடுத்து ஆப்பிரிக்காவுக்கு ஒரு பயணம். 1931இல் பெய்ரூட்டிலிருந்து பெய்ஜிங் வரைக்கும் இன்னொரு பயணம். அந்த வண்டிகளில் சில காஷ்மீர் வழியாக இமயமலையையே ஏறின. குழந்தைகளுக்குச் சிட்ரோயன் பொம்மைக் கார்கள் செய்து விற்றார். இன்றைய பொம்மைக்காரப் பையன் நாளைய வாடிக்கையாளர் என்பது அவர் கணக்கு.

1925இல் உச்சக்கட்டம். சின்ன வயதில் அண்ணாந்து பார்த்த அதே ஐஃபில் கோபுரத்தில், சுமார் இரண்டரை லட்சம் மின்விளக்குகளால் தன் பெயரை எழுதினார். ராத்திரியில் பாரிஸ் முழுக்கத் தெரியும். 1934 வரை அது எரிந்தது. அவருடைய கம்பெனி 1929இல் வருஷத்துக்கு ஒரு லட்சம் கார் செய்து, ஐரோப்பாவின் மிகப் பெரிய கார் தயாரிப்பாளராக இருந்தது.

ஆனால் இதெல்லாம் கடன் வாங்கிச் செய்தது. சூதாட்ட மேசையிலும் பெரும் பணம் வைத்து விளையாடுவார். தனக்கென்று சொத்துச் சேர்ப்பதில் அவருக்கு அக்கறை இருந்ததில்லை. வந்த பணமெல்லாம் அடுத்த ஆலைக்கும் அடுத்த காருக்கும்தான்.

அதே நேரத்தில் மலாக்காவில்

இப்போது கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புவோம். 1920களின் தொடக்கத்தில் உலக ரப்பரில் சுமார் பாதி மலாயாவிலிருந்து போனது. ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ், தெபோங் என்று மலாக்கா முழுக்கப் பால்மரம். டான் சாய் யானின் தோட்டங்களை 1906லேயே பிரிட்டிஷ் கம்பெனி வாங்கிவிட்டது. கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள் இங்கே லயத்தில் குடியேறினார்கள்.

விடியற்காலை இருட்டில் பெரட்டு. பேர் கூப்பிட்டதும் உளியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு நிரைக்குப் போக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும், அப்புறம் பால் ஓட்டம் குறைந்துவிடும். மழை பெய்தால் வேலை இல்லை. 1920களின் கடைசியில் மலாயாவின் முக்கியமான பகுதிகளில் நிர்ணயிக்கப்பட்ட நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு.

உலகத்தில் கார் விற்பனை ஏறினால் இங்கே மரம் ஓய்வில்லாமல் வெட்டப்படும். கார் விற்பனை விழுந்தால் இங்கே சம்பளம் வெட்டப்படும். 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தபோது நடந்தது அதுதான். ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. தோட்டங்கள் ஆட்களை நிறுத்தின. 1930க்குப் பிறகு சில வருஷத்திலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தங்கியவர்களுக்கு அந்த 50 காசும் குறைந்தது.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சிட்ரோயன் கார் ஒவ்வொன்றும் மலாக்கா ரப்பரில்தான் ஓடியது என்று சொல்லவில்லை. ரப்பர் ஷீட் சிங்கப்பூர் சந்தைக்கோ லண்டன் சந்தைக்கோ போனதும், எந்தத் தோட்டத்துப் பால் என்ற அடையாளம் போய்விடும். மிஷ்லின் கம்பெனிக்கு வியட்நாமில் சொந்தத் தோட்டங்களும் இருந்தன. அங்கே பால் வெட்டிய வியட்நாமியத் தொழிலாளர்களின் பாடும் கொடுமையானதுதான். ஆனால் விலை என்ற கயிறு எல்லாத் தோட்டத்தையும் ஒன்றாகக் கட்டியிருந்தது.

1934: எல்லாம் கைவிட்டுப் போன வருஷம்

பொருளாதாரச் சரிவில் மற்றவர்கள் செலவைக் குறைத்தார்கள். ஆண்ட்ரே செலவைக் கூட்டினார். 1933இல் ஜாவெல் ஆலையை ஐந்தே மாதத்தில் கிட்டத்தட்டப் புதிதாகவே கட்டினார். 1934இல் முன்சக்கரம் இழுக்கும் புதுக் கார் ஒன்றை வெளியிட்டார். டிராக்ஷன் அவாண் என்று பெயர். கீழே தனியாகச் சட்டம் இல்லாத, உடம்பே பாரத்தைத் தாங்குகிற அமைப்பு. இன்றைக்கு உங்கள் வீட்டில் இருக்கிற மைவி கூட அதே இரண்டு யோசனையில்தான் ஓடுகிறது.

கார் அருமையானது. ஆனால் அவசரத்தில் வெளியே விட்டதால் ஆரம்பத்தில் நிறையக் கோளாறு. கடன் கொடுத்தவர்கள் கதவைத் தட்டினார்கள். அரசாங்கம் கைகொடுக்கவில்லை. 1934 டிசம்பரில் கம்பெனி திவாலானது. மிகப் பெரிய கடன்காரர், அவருக்கு டயர் கொடுத்துவந்த மிஷ்லின். கம்பெனி அவர்கள் கைக்குப் போனது.

கடனால் அப்பாவை இழந்த பையன், அதே கடனால் தன் பெயர் தாங்கிய கம்பெனியை இழந்தார். அப்போதே வயிற்றில் புற்றுநோய். 1935 ஜூலை 3ஆம் தேதி, 57 வயதில் பாரிஸில் காலமானார். மொன்பர்னாஸ் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

நஷ்டம் அவருக்கு மட்டுமா? ஆலைத் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். பொருள் சப்ளை பண்ணிய சின்னக் கடைக்காரர்களும் மாட்டிக்கொண்டார்கள். தோட்டத்தில் நடந்தது அங்கேயும் நடந்தது. மேலே ஒருவர் பந்தயம் வைத்தால், கீழே இருப்பவரின் சம்பளமும் அந்தப் பந்தயத்தில் சேர்ந்துவிடுகிறது, அவரைக் கேட்காமலேயே.

முட்டை உடையக்கூடாது

சரி, அந்த 9 குதிரைச்சக்திக் கார் எங்கேயிருந்து வந்துச்சுன்னு கேக்குறீங்களா? மிஷ்லின் அனுப்பிய புது நிர்வாகிகளில் ஒருவர் பியர் பூலான்ஜே. 1930களின் நடுவில் பிரான்ஸ் கிராமத்து ஜனங்கள் இன்னும் மாட்டுவண்டியிலும் குதிரை வண்டியிலும்தான் சந்தைக்குப் போனார்கள். இவர்களுக்கு ஒரு கார் செய்யணும் என்று முடிவு பண்ணினார்.

அவர் பொறியியலாளர்களிடம் கேட்டதில் வேகம் இல்லை, அழகு இல்லை. குடியானவர்கள் மூட்டையோடு ஏற வேண்டும். 50 கிலோ உருளைக்கிழங்கு கொள்ள வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் போனால் போதும். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் எண்ணெய்க்கு மேல் குடிக்கக்கூடாது. உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு ஓட்டினாலும் ஒரு முட்டைகூட உடையக்கூடாது. தலையில் தொப்பி போட்டபடி ஏறி உட்கார முடியணும்.

1939இல் சுமார் 250 மாதிரிக் கார்கள் தயாராகின. அதே செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் வெடித்தது. ஜெர்மனி பிரான்ஸைப் பிடித்ததும், பூலான்ஜே அந்தக் கார்களை அழிக்கவும் ஒளிக்கவும் சொன்னார். ஒரு வைக்கோல் கொட்டகையின் பரணில் மறைத்த மூன்று கார்கள், 1990களில்தான் வெளியே வந்தன.

அந்தப் போர்க்காலத்தில் மலாயாவை ஜப்பான் பிடித்தது. ரப்பருக்குச் சந்தை இல்லாமல் போனது. தோட்டங்களில் சும்மா நின்ற தமிழர்கள் பல்லாயிரம் பேரைச் சயாம் மரண ரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம்.

போர் முடிந்து, 1948 அக்டோபரில் 2சிவி மக்கள் முன்னால் வந்தது. 375 சிசி, இரண்டு சிலிண்டர். காற்றே குளிரூட்டும், அதனால் ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கொதிக்கும் பிரச்சினையும் கிடையாது. கூரை துணி, சுருட்டிவிடலாம். இருக்கையைக் கழற்றி வெளியே போட்டு உட்கார்ந்து சாப்பிடலாம். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, தொட்டியில் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். மழை துடைப்பான் காரின் வேகத்தோடு சேர்ந்து ஆடும். கார் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாகத்தான் துடைக்கும்!

சிரித்தவர்கள் சிரிக்கட்டும் என்று மக்கள் வரிசையில் நின்றார்கள். காத்திருப்பு சில வருஷங்கள் வரை நீண்டது. கிராமத்து டாக்டர், மருத்துவச்சி, பாதிரியார், சின்ன விவசாயி ஆகியோருக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். காரை நம்பித்தான் அவர்கள் வேலை. சாதாரண மனிதனுக்கு ஒரு கார் என்று ஆண்ட்ரே சிட்ரோயன் 1912இல் போட்ட கணக்கு, அவர் பெயரில், அவர் இல்லாமல் நிறைவேறியது. அதைச் செய்து முடித்த பூலான்ஜே 1950 நவம்பரில் கார் விபத்தில் இறந்தார். ஓட்டிக்கொண்டு போனது ஒரு டிராக்ஷன் அவாண்.

கேட்கப்பட்டவர்கள், கேட்கப்படாதவர்கள்

2சிவி ஏன் வெற்றி பெற்றது? பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. வாங்கப் போகிறவனின் பாதை எப்படி, மூட்டை எவ்வளவு, பையில் எவ்வளவு இருக்கிறது என்பதிலிருந்து அந்தக் கார் தொடங்கியது. சக்தி குறைவு என்பது அதில் குறையாக இல்லாமல், கணக்குப் போட்டு எடுத்த முடிவாக இருந்தது.

ஆனால் அந்தக் கணக்கில் டயருக்குப் பால் வெட்டியவர் யாரும் இல்லை. மலாக்காவின் செம்மண் சடக்கில் அப்போது காடி என்றால் தொரையின் காடிதான். பிரிட்டிஷ் ஆட்சி என்பதால் ஆஸ்டின், மோரிஸ். கிராணிக்கு மோட்டார் அல்லது சைக்கிள். பால் வெட்டுகிறவருக்குக் கால்நடை. அவர் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போக என்ன வேண்டும் என்று எந்தக் கம்பெனியும் விசாரிக்கவில்லை.

அப்புறம் அவர்களே தங்களுக்கான கணக்கைப் போட்ட காலமும் வந்தது. 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, வேலையும் வீடும் ஒன்றாகப் போகும் ஆபத்து வந்தது. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதாமாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆனார்கள். முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம். ஆண்ட்ரே பெரிய கடனில் கட்டியதை இழந்தார். இவர்கள் சின்னச் சின்னச் சேமிப்பில் கட்டியது இன்றும் நிற்கிறது.

இன்றைக்கு என்ன மிச்சம்?

ஜாவெல் ஆலை 1970களில் மூடப்பட்டது. அந்த இடத்தில் 1992இல் ஒரு பூங்கா திறந்தார்கள். அதுக்கு ஆண்ட்ரே சிட்ரோயன் பெயர். பக்கத்தில் நதிக்கரைச் சாலைக்கும் அவர் பெயர்தான். மலாக்காவிலோ பல இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, அல்லது தாமான் வந்துவிட்டது. பழைய தோட்டத்துப் பெயர் சில இடங்களில் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் மிச்சம் இருக்கிறது.

இன்னொரு தகவல் உங்களுக்குப் பிடிக்கும். சிட்ரோயன் கம்பெனி இப்போது தமிழ்நாட்டில் கார் செய்கிறது. திருவள்ளூர் ஆலையில் கார், ஓசூரில் எஞ்சினும் கியர்பெட்டியும். பல்சக்கரத்தில் தொடங்கிய கம்பெனிக்குத் தமிழ்க் கைகள் இன்று கியர் செய்கின்றன. ரப்பர் கொடுத்த காலத்திலிருந்து கார் செய்கிற காலத்துக்கு வர நூறு வருஷம் ஆகியிருக்கிறது.

நம்ம நாட்டுக்கும் ஒரு 2சிவி வந்தது. 1994இல் வெளிவந்த பெரோடுவா கஞ்சில், 660 சிசி. மேட்டில் ஏசியை அடைத்தால்தான் ஏறும் என்று அதையும் எல்லாரும் கிண்டல் பண்ணினார்கள். ஆனால் தோட்டத்தை விட்டு டவுனுக்கு மாறிய பல குடும்பங்களுக்கு முதல் காடி அதுதான். பிள்ளைகளை டியூஷனுக்குக் கொண்டுபோனது, தீபாவளிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனது, பாட்டியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனது எல்லாம் அந்தச் சின்ன எஞ்சின்தான்.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட இந்த வாரம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. நம்ம குடும்பத்துல முதல் காடி எந்த வருஷம் வந்துச்சு? அதுக்கு முன்னாடி தோட்டத்துலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனீங்க? அவங்க சொல்ற பதிலை எழுதி வைங்க, இல்லேன்னா போன்ல பதிவு பண்ணுங்க. சிட்ரோயனைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. அந்தப் பதிலை எழுதி வைக்க உங்களை விட்டா ஆள் இல்லை.